சிமுலேட்டரில் பறக்கிறது, பொட்டலில் விழுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ரேடியோவால் இயக்கும் சிறு விமானத்தைக் கணினிச் சிமுலேட்டரில் ஓட்டிப் பழகுகிறவர்களுக்கு இது. விமானத்தின் 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி ஒன்றை 1சி கணக்கில், அதாவது 2.2 ஆம்பியரில் ஏற்ற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது என்பதால் அதற்கு முன் ஆறவும் விட வேண்டும். சிமுலேட்டருக்கு முழுப் பயன் கிடைப்பது இந்த இடைவெளியில்தான். சற்று முன் விமானம் எங்கே கைமீறிப் போனது என்பது அப்போதுதான் மறக்காமல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, கண்மாய் நிறைந்து, பறக்க இடமே இல்லாத வாரங்களுக்கும் இதே முறைதான்.

கோளாறு எதுவானாலும் தேடும் வரிசை ஒன்றே: முதலில் கேபிளும் ரேடியோவும், அடுத்து சிமுலேட்டரின் அமைப்பு, கடைசியில் விரல். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைத் தலைகீழாகத் தேடுகிறார்கள். டிரிம் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சிறிது சிறிதாக நகர்த்தும் பொத்தான்) நாலு கட்டம் விலகியிருப்பதைத் தங்கள் கையின் குறை என்று நினைத்து, அதற்கு ஈடுகொடுத்தே பழகி, அந்தப் பழக்கத்தோடு களத்துக்கு வருகிறார்கள்.

கீழே வருவதெல்லாம் மோட் 2 ரேடியோவுக்கு: இடது ஸ்டிக்கில் திராட்டிலும் (மோட்டார் வேகம்) ரடரும் (மூக்கை இடவலம் திருப்பும் வால் தகடு), வலது ஸ்டிக்கில் எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) ஐலரானும் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு).

ரேடியோவைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை

பெரும்பாலும் கேபிள்தான் காரணம். மலிவான சில கேபிள்களில் மின்சாரக் கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. அதே கேபிளில் கைபேசியைக் கணினியோடு இணையுங்கள். கோப்புகள் தெரிந்தால் கேபிள் நல்லது. டைப்-சி துளை இரண்டு உள்ள ரேடியோக்களில் ஒன்று சார்ஜுக்கு மட்டுமே இருக்கலாம், மற்றதிலும் செருகிப் பாருங்கள். எட்ஜ்டிஎக்ஸ், ஓப்பன்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் ரேடியோவாக இருந்தால் முதலில் ரேடியோவை ஆன் செய்து, பிறகு கேபிளைச் செருகி, திரையில் கேட்கும்போது ஜாய்ஸ்டிக் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டோரேஜ் என்று கொடுத்தால் கணினிக்கு அது வெறும் பென்டிரைவ்.

ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற ரேடியோக்களில் பின்பக்கத்து வட்டமான டிரெய்னர் துளையில் கேபிள் போகும், மறுமுனையில் யூஎஸ்பி டாங்கிள். பல சிமுலேட்டர்களுக்கும் பொதுவாக விற்கும் டாங்கிளில் ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. அதை நகர்த்திய பிறகு டாங்கிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். அப்படிச் செய்யாமல், டாங்கிள் கெட்டுப்போனது என்று ஒதுக்கிவைப்பவர்கள் அதிகம்.

கை வைக்காமலே ஒரு பக்கம் சாய்கிறது

முதலில் சிமுலேட்டரில் காற்றைப் பூஜ்யமாக்குங்கள். அதன் பிறகும் சாய்ந்தால் கேலிபரேஷன் (ஸ்டிக்கின் நடுவையும் வீச்சையும் கணினியில் பதிவது) தவறு. வரிசை மாறாமல் இப்படிச் செய்யுங்கள்:

1. ரேடியோவில் புதிதாக ஒரு மாடல் நினைவகம் திறந்து அதற்கு சிம் என்று பெயர் வையுங்கள். எல்லா டிரிமும் நடுவில், மிக்ஸ் (ஒரு சேனலோடு இன்னொன்றையும் சேர்த்து அசைப்பது) இல்லை, எக்ஸ்போ (நடுவருகே ஸ்டிக்கின் விளைவை மந்தமாக்குவது) இல்லை, எல்லாச் சேனலின் வீச்சும் 100%. ரேடியோவில் வசதி இருந்தால் இந்த மாடலுக்கு ஆர்எஃப் ஒலிபரப்பை அணைத்துவிடுங்கள். ரேடியோவின் பேட்டரி மிஞ்சும்.
2. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து கேலிபரேட் செய்யுங்கள். நடுவைக் கேட்கும்போது ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். திராட்டிலை மட்டும் கையால் நடுவில் நிறுத்துங்கள்.
3. முழு வீச்சைக் கேட்கும்போது நான்கு மூலைக்கும் மெதுவாக இரண்டு முறை கொண்டுபோங்கள்.
4. இதையே சிமுலேட்டருக்குள் இருக்கும் கேலிபரேஷனிலும் செய்யுங்கள்.

விண்டோஸில் ஒரு முறை, சிமுலேட்டரில் ஒரு முறை என இரண்டு இடத்தில் நடு பதிவாகிறது. எதாவது ஒன்றில் டிரிம் விலகியிருந்தாலும் அந்த விலகலே நடுவாகப் பதிந்துவிடும். பிறகு டிரிம்மை நேராக்கினால் விமானம் எதிர்ப்பக்கம் சாயும். அதனால்தான் பலருக்கு இது எத்தனை முறை செய்தாலும் தீராத தொல்லையாக இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு. கேலிபரேஷன் சரியாக இருந்தும், முழுத் திராட்டில் கொடுக்கும்போது மட்டும் மூக்கு இடப்பக்கம் இழுத்தால் அது கோளாறு அல்ல, புரொப்பெல்லரின் எதிர்விளைவு. நிஜ விமானத்திலும் அது உண்டு. டிரிம் வைத்து அழிக்காமல் வலது ரடரால் சமாளித்துப் பழகுங்கள்.

ஐலரானை அசைத்தால் ரடர் அசைகிறது, அல்லது எதிர்ப்பக்கம் போகிறது

சேனல் வரிசை பொருந்தவில்லை. ஃப்ளைஸ்கை, ஃபுடாபா வகையில் ஐலரான், எலிவேட்டர், திராட்டில், ரடர் என்று வரும். ஸ்பெக்ட்ரம் வகையில் திராட்டில் முதலில், பிறகு ஐலரான், எலிவேட்டர், ரடர். சிமுலேட்டரின் சேனல் பக்கத்தில் பொருத்தமான வரிசையைக் கொடுத்தால் போதும்.

எதிர்த்திசையையும் சிமுலேட்டருக்குள்ளேயே மாற்றுங்கள். ரேடியோவில் ரிவர்ஸ் போடாதீர்கள், அதுவும் நிஜ விமானத்துக்கு வைத்திருக்கும் மாடல் நினைவகத்தில் ஒருபோதும் வேண்டாம். மாலையில் அந்த மாடலோடு களத்துக்குப் போனால், ஐலரான் தலைகீழாக இருப்பது தெரியவரும்போது விமானம் தரையை விட்டுக் கிளம்பியிருக்கும்.

விரலை எடுத்த பிறகும் பட்டை துள்ளுகிறது

கேலிபரேஷன் பக்கத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பட்டை தெரியும். ஸ்டிக்கை விட்ட பிறகும் அது நடுங்கினாலோ, மெதுவாக நகர்த்தும்போது ஓரிடத்தில் தாவினாலோ பிரச்சினை ரேடியோவின் கிம்பலில், அதாவது ஸ்டிக் பொருந்தியிருக்கும் பொறியில். செட்டிநாட்டுச் செம்மண் புழுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பொட்டெனஷியோமீட்டர் வைத்த பழைய வகைக் கிம்பலில் புழுதி புகுந்தால் தொடும் பரப்பு கெடும். ஹால் சென்சார் வகையில் உரசும் தடம் இல்லாததால் இந்தத் தொல்லை குறைவு. மென்மையான பிரஷ்ஷாலும் காற்று ஊதியாலும் தூசியை எடுங்கள். துள்ளல் நிற்காவிட்டால் கிம்பலை மாற்றும் வரை அந்த ரேடியோவில் விமானம் ஏற்ற வேண்டாம். திரையில் துள்ளுவது சர்வோவிலும் (விமானத்தின் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார்) துள்ளும். சிமுலேட்டரால் கிடைக்கும் உபரி லாபம் இது: களத்தில் எளிதில் கண்ணுக்குப் படாத ரேடியோக் கோளாறு இங்கே வீட்டிலேயே தெரிந்துவிடும். களத்துக்குப் போகும்போது ரேடியோவைத் துணிப்பையிலாவது போட்டு எடுத்துப்போங்கள். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் திறந்தபடி மாட்டிக்கொண்டு போக வேண்டாம்.

கை அசைந்து ஒரு கணம் கழித்தே விமானம் அசைகிறது

தாமதம் இருந்தால் விரல் தேவைக்கு மேல் அசையப் பழகிவிடும். மடிக்கணினியைச் சார்ஜரில் இணையுங்கள். கரண்ட் போய்ப் பேட்டரிக்கு மாறியதும் பல மடிக்கணினிகள் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நிழல், நீர்ப் பிரதிபலிப்பு, மரங்களின் நுணுக்கம் மூன்றையும் குறையுங்கள். முப்பரிமாணக் களத்தைவிடப் புகைப்படப் பின்னணி உள்ள களம் இலேசானது. நொடிக்கு 60 பிரேம் வந்தால் நிம்மதி, 30க்குக் கீழே போனால் பழகுவது வீண். டிவியில் இணைத்திருந்தால் அதன் கேம் மோடை ஆன் செய்யுங்கள், இந்த ஒரு மாற்றத்திலேயே வித்தியாசம் தெரியும்.

வெளிச்சமும் ஒரு தொல்லை. வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) உட்கார்ந்தால் நடுமுற்றத்து வெயில் திரையில் அடிக்கும், விமானம் கறுப்புப் புள்ளியாகிவிடும். முற்றம் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைப் போடுங்கள்.

நம்மை நோக்கி வரும்போது தவறான பக்கம் திருப்பிவிடுகிறோம்

இங்கிருந்து விரலின் பாடம். விமானம் நம்மைப் பார்த்து வரும்போது ஐலரானும் ரடரும் மட்டும்தான் இடவலம் மாறித் தெரியும். எலிவேட்டரும் திராட்டிலும் எப்போதும் போலத்தான். கலங்கிய நேரத்தில் நாலையும் மாற்றிச் செய்கிறவர்கள் உண்டு, அதனால்தான் விழுகிறது.

நினைவில் வைக்க ஒரு விதி போதும்: எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள். கண்ணுக்கு இடப்பக்கம் தாழ்ந்தால் ஸ்டிக் இடப்பக்கம், தாழ்ந்த இறக்கைக்கு அடியில் முட்டுக்கொடுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

பயிற்சி: 40 மீட்டர் உயரத்தில், பாதித் திராட்டிலில், ஓடுதளத்துக்கு 45 பாகை சாய்வாக நம்மை நோக்கி வரவிடுங்கள். வழியில் வேண்டுமென்றே சிறிது சாய்த்து, விதியைச் சொல்லி நேராக்குங்கள். ஓடுதளத்தின் கோடு வந்ததும் அதற்கு இணையாகத் திருப்பிவிடுங்கள். தலைக்கு மேலே பறக்கவிடும் பயிற்சியை சிமுலேட்டரில்கூட வேண்டாம் என்கிறோம். களத்தில் அது ஆபத்து, பழகிய விரல் தானாக அங்கேதான் கொண்டுபோகும். இது கைவந்ததும் எட்டு வடிவம். முதலில் எல்லாத் திருப்பமும் நம்மை விட்டு விலகிப் போகும்படி, பிறகு நம் பக்கம் வரும்படி. இரண்டாவதில்தான் உண்மையான பாடம்.

திருப்பத்தில் உயரம் கரைகிறது, அல்லது சுழன்றுகொண்டே இறங்குகிறது

ஐலரானைப் பிடித்தே திருப்பப் பார்ப்பதுதான் காரணம். ஐலரான் விமானத்தைச் சாய்க்கும், அவ்வளவே. திருப்புவது எலிவேட்டர். 30 பாகைக்குச் சாயுங்கள், ஐலரானை நடுவுக்கு விடுங்கள், எலிவேட்டரைச் சிறிது இழுத்துப் பிடியுங்கள், திரும்பியதும் எலிவேட்டரை விட்டு எதிர் ஐலரானால் நேராக்குங்கள்.

சாய்வு கூடக் கூட இறக்கை சுமக்கும் பாரம் கூடும். உயரம் குறையாமல் திரும்பினால் 30 பாகையில் எடையைப் போல 1.15 மடங்கு, 45 பாகையில் 1.41, 60 பாகையில் 2 மடங்கு. ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகம், இதன் வர்க்கமூலத்தில் ஏறும். நேர்ப் பறத்தலில் 25 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும் டிரெய்னர் (பழகுவதற்கான விமானம்), 60 பாகைத் திருப்பத்தில் 35 கி.மீ. வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். இறங்க வரும்போது வேகம் ஏறக்குறைய அதுதான் இருக்கும் என்பதால் கடைசித் திருப்பத்தில் ஓர் இறக்கை திடீரென்று விழுகிறது.

மூக்கு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது

விமானம் பதில் சொல்வதற்குள் அடுத்த அசைவு போய்விடுகிறது. கட்டைவிரல் நுனியை மட்டும் வைத்திருந்தால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஸ்டிக்கைப் பிடித்துப் பாருங்கள். கேலிபரேஷன் முடிந்து சரிபார்த்த பிறகு எலிவேட்டருக்கும் ஐலரானுக்கும் 25 முதல் 30% எக்ஸ்போ கொடுங்கள். கூட்டல் குறி, கழித்தல் குறி ரேடியோவுக்கு ரேடியோ மாறும். எண்ணை நம்பாமல் திரையில் வரும் கோட்டைப் பாருங்கள், நடுப்பகுதி படுத்திருக்க வேண்டும். நிஜ விமானத்துக்கு என்ன எக்ஸ்போவோ, சிம் மாடலுக்கும் அதே.

ஏற்கெனவே துள்ளத் தொடங்கிவிட்டால் துரத்தாதீர்கள். ஸ்டிக்கை நடுவுக்கு விட்டு, திராட்டிலைப் பாதிக்குக் கொண்டுவந்து, இரண்டு நொடி பொறுங்கள். உயரம் இருந்தால் நல்ல டிரெய்னர் தானே அடங்கும்.

சிமுலேட்டரில் சுத்தம், களத்தில் குழப்பம்

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். இதற்கு மூன்று காரணங்கள், மூன்றையும் பார்க்க வேண்டும்.

முதல் காரணம் பார்வை. பின்னாலிருந்து துரத்தும் கேமராவில் பழகினால் களத்துக்குப் பயனில்லை. தரையில் நிற்கும் விமானியின் பார்வையையே வைத்திருங்கள், தானியங்கி ஜூமை அணையுங்கள். 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் ஏறக்குறைய 34.5 செ.மீ. அதை 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்த்தால் கண்ணில் அது 32 பாகை மட்டுமே. சிமுலேட்டர் 60 பாகைக் காட்சியை அதற்குள் அடைத்தால் எல்லாமே நிஜத்தின் பாதி அளவில்தான் தெரியும். அதனால் விமானத்தை மிக அருகிலேயே சுற்றிப் பழகுகிறோம். காட்சிக் கோணத்தை 32க்கு அருகில் வையுங்கள். 1.2 மீட்டர் இறக்கையுள்ள விமானம் 150 மீட்டரில் திரையில் அரை சென்டிமீட்டர்தான் இருக்கும், களத்திலும் அந்தத் தொலைவில் கண்ணுக்கு அது முழுநிலாவை விடச் சற்றுச் சிறியதுதான். அந்த அளவில் மூக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதவர் அதற்கும் அப்பால் விடக் கூடாது. உயரமும் அப்படித்தான்: 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் அனுமதி 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை. சிமுலேட்டரில் 300 மீட்டர் ஏற்றிவிட்டு நிம்மதியாகச் சுற்றுகிற பழக்கத்துக்குக் களத்தில் இடமில்லை.

இரண்டாவது, காற்று. சிமுலேட்டரை நிறுவியதும் காற்றைக் கூட்டிப் பார்க்காமலே பறக்கிறோம். ஆடியில் மேல்காற்று வீசும்போது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பொட்டல்களில் தடுக்க ஒன்றும் இல்லை, பனை மட்டைச் சத்தத்திலேயே அது தெரியும். காற்றை மேற்கிலிருந்து மணிக்கு 15 கி.மீ. என்று வைத்து, குத்துக்காற்றையும் சேருங்கள். விமானத்தின் காற்றுவேகம் 40 என்றால் காற்றை எதிர்த்துத் தரைவேகம் 25, காற்றோடு 55. காற்றோடு போகும்போது வேகமாகத் தெரிகிறதே என்று புதியவர் திராட்டிலைக் குறைக்கிறார். இறக்கைக்குத் தெரிவது தரைவேகம் அல்ல, காற்றுவேகம். அது குறைந்து ஸ்டால் ஆகிறது. பயிற்சி: திராட்டிலை ஓரிடத்தில் பூட்டியதாக வைத்துக்கொண்டு பத்துச் சுற்றுச் செவ்வகம், வேகம் மாறித் தெரிந்தாலும் திராட்டிலைத் தொடாமல். மர வரிசைக்குப் பின்னால் சுழலும் காற்றைச் சிமுலேட்டர் பெரும்பாலும் காட்டாது. களத்தில் காற்று வரும் பக்கம் கருவேலங்காடோ பனைவரிசையோ இருந்தால் இறங்கும் பாதையை அதிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, விமானம். தேர்ந்தெடுத்த மாடலில் தானாகச் சமநிலைக்கு வரும் கைரோ இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நிஜ விமானத்தில் அது இல்லை என்றால் சிமுலேட்டரிலும் அணையுங்கள். இறக்கை அளவும் எடையும் உங்களுடையதுக்கு நெருக்கமாக இருக்கட்டும். 2 மீட்டர் டிரெய்னர் மெதுவாகவும் கம்பீரமாகவும் பறக்கும். 1 மீட்டர் ஃபோம் விமானம் அப்படிப் பறக்காது.

இறங்கும்போது உடைகிறது

முதலில் ஓடுதளத்தை மாற்றுங்கள். சிமுலேட்டரில் கிடைப்பது நூறு மீட்டருக்கு மேல் நீண்ட தார்ப்பாதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் செட்டிநாட்டில் இருக்கிறதுதான், ஆனால் நமக்கு வாய்ப்பது வற்றிய கண்மாய்ப் படுகையும் செம்மண் பொட்டலும். படுகையில் காய்ந்த களிமண் வெடிப்பில் சின்னச் சக்கரம் மாட்டி விமானம் குப்புற விழும். அதனால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கையால் எறிந்து, வயிற்றில் இறக்குவதையே பழகுவது நம் பக்கத்துக்குப் பொருத்தம். சிமுலேட்டரில் புல்வெளியைத் தேர்ந்து, 30 மீட்டர் நீளத்துக்குள் நிறுத்துவதை இலக்காக வையுங்கள்.

காற்றோடு போகும் பக்கத்தில் 20 மீட்டர் உயரம். நமக்கு நேரே வந்ததும் திராட்டிலை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுங்கள். இரண்டு திருப்பமும் 30 பாகைக்கு மேல் சாயாமல். கடைசி நேர்க்கோட்டில் வேகத்தை எலிவேட்டர் பார்த்துக்கொள்ளும், இறங்கும் வேகத்தைத் திராட்டில் பார்த்துக்கொள்ளும். எட்டாது போலத் தோன்றினால் எலிவேட்டரை இழுக்கக் கூடாது, திராட்டில் கொடுக்க வேண்டும். இழுத்தால் மூக்குத்தான் ஏறும், விமானம் எட்டாது. அரை மீட்டர் உயரத்தில் திராட்டிலை முழுதும் மூடி, எலிவேட்டரைச் சிறிது சிறிதாக இழுங்கள்.

இழுத்ததும் மேலே மிதந்து எழுந்தால் வேகம் அதிகம். இழுத்ததும் பொத்தென்று விழுந்தால் வேகம் குறைவு அல்லது உயரத்திலேயே இழுத்துவிட்டீர்கள். தட்டி எழும்பினால் ஸ்டிக்கை முன்னே தள்ளாதீர்கள். திராட்டில் கொடுத்து நேராகப் போய் மறுபடி சுற்றி வாருங்கள். பத்து இறக்கத்தில் மூன்றையாவது வேண்டுமென்றே கைவிட்டு மறுசுற்று எடுங்கள். அதைப் பழகாதவர்கள்தான் கெட்டுப்போன இறக்கத்தையும் பிடிவாதமாக முடிக்கப் பார்க்கிறார்கள்.

மணிக்கணக்காகப் பறந்தும் முன்னேற்றம் இல்லை

ரீசெட் பொத்தான்தான் காரணம். விழுந்ததும் தானாகப் புது விமானம் வரும் அமைப்பை அணையுங்கள், அல்லது காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு தாளில் ஒரு வரி: மூக்கு எந்தப் பக்கம், உயரம் எவ்வளவு, கடைசியாக எந்த ஸ்டிக் அசைந்தது. ஒரே வரி மூன்று முறை வந்தால் அன்றைய பயிற்சி அது மட்டும்தான். ஒரே மூச்சில் 15, 20 நிமிடம் போதும். பறத்தலின் நடுவில் திராட்டிலை மூடிவிட்டு இறக்கிப் பாருங்கள். களத்தில் லிப்போ இறங்கி மோட்டார் நின்றால் வரும் நிலைமை அதுதான். நின்றுகொண்டே பழகுங்கள், களத்தில் நாற்காலி கிடையாது. திரையில் விரல் வைத்து ஓட்டும் கைபேசி சிமுலேட்டர் திசை பழக மட்டும் உதவும், விரலுக்கு உதவாது. காசு செலவழிக்க யோசித்தால் பிகாசிம் இலவசமாகவே கிடைக்கிறது. மேலே சொன்ன பயிற்சிகளுக்கு அது தாராளம்.

சிமுலேட்டர் முடித்துக் களத்தில் ஆன் செய்தால் சர்வோக்கள் அசையவில்லை, அல்லது தாறுமாறாக அசைகின்றன

ரேடியோ இன்னும் சிம் மாடலில் இருக்கிறது. ஆர்எஃப் அணைத்த மாடல் என்றால் ரிசீவர் இணையவே இணையாது. அதைப் பார்த்துப் பதறி மறுபடி பைண்ட் செய்ய (ரிசீவரை ரேடியோவோடு புதிதாக இணைக்க) தொடங்க வேண்டாம். லிப்போவைக் கழற்றி, சரியான மாடலுக்கு மாற்றி, பிறகு இணையுங்கள். விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள்: ஸ்டிக் வலப்பக்கம் போனால் வலது ஐலரான் மேலே, இடது கீழே. எலிவேட்டரை இழுத்தால் அதன் பின்விளிம்பு மேலே. ரடர் வலம் என்றால் பின்விளிம்பு வலம். திராட்டில் அடியில் இருக்கிறதா என்று பார்த்து, புரொப்பெல்லருக்கு முன்னால் யாரும் இல்லாதபோது மட்டும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள்.